சுவருக்குள் இன்னொரு ஒயர்

லமிசி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. கொனாடுவுக்கு அதுதான் ஆச்சரியம்.

மழை விட்ட சனிக்கிழமை காலையில் குளியலறைக் குழாயைத் திறக்கப் போன லமிசியின் மகள் லாதியை, மாடு முட்டித் தள்ளியதுபோல் மின்சாரம் முற்றத்துக்குத் தூக்கி எறிந்தது. குழந்தையின் உள்ளங்கை வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பிழைத்ததே பெரிது என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டி வடக்கே சொந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பாள். லமிசி முற்றத்தின் நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாடகை வாங்குறீங்கல்ல? லைசென்ஸ் உள்ள ஆளக் கூட்டிட்டு வா அக்கா. ப்ளையர் புடிச்சவன எல்லாம் எலக்ட்ரீஷியன்னு கூட்டியாந்தேன்னு வையி, அவன் தலையில ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தி, போய் அந்தக் குழாயத் தொடுடான்னு சொல்லிடுவேன்."

கொனாடு அலைந்து பார்த்தாள். பன்டாமா வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருந்த இரண்டு பேரும் எந்த வீடு என்று கேட்டார்கள். சொன்னதும் இருவருக்கும் திடீரென்று வேறு வேலை முளைத்துவிட்டது.

முளைக்காமல் என்ன செய்யும்? அந்தக் குளியலறையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொனாடுவின் அக்கா செர்வா செத்துக் கிடந்தாள். ஈரத் துண்டு கையிலேயே இருந்தது. வீட்டுக்கு ஒயர் இழுத்தது கொனாடுவின் புருஷன் அஜேமான். அப்போது அவனிடம் லைசென்ஸ் கிடையாது. "இவன் இழுத்த ஒயர்தான் என் மருமகளக் கொன்னுது" என்று முதலில் விரல் நீட்டியவர் தாய்மாமன் சார்பாங். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பி அடோமாக்கோ மச்சானைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு மிதித்தான். அஜேமானின் முன்பல் இரண்டும் தார் ரோட்டில் விழுந்தன. கொனாடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அன்று போனவன்தான்.

போனவன் படித்தான், பரீட்சை எழுதினான், லைசென்ஸ் வாங்கினான் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவன் நம்பரும் கொனாடுவின் போனில் அழியாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். லாதிக்கு நடந்ததைச் சொன்னாள்.

"அதே குழாயா?" என்று கேட்டான்.

"அதே குழாய்."

"என் ஒயர எல்லாம் நான் போன மறுநாளே புடுங்கி எறிஞ்சாச்சுன்னு சொன்னாங்களே?"

"மாமாதான் ஆள் வெச்சுப் புடுங்கினாரு. புதுசா போட்டாரு."

"அப்ப எது அடிக்குது?"

இரண்டு வருஷமாகக் கொனாடு தன்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"செவ்வாக்கிழம வர்றேன்" என்றான். "உன் தம்பிகிட்ட சொல்லாத."

*

செவ்வாய் காலை. கொனாடு தன் சாப்பாட்டுக் கடைக்கு மரவள்ளியும் வாழைக்காயும் வேகவைத்து இறக்கி, அதை இடித்து ஃபூஃபூக் களி ஆக்க மர உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அஜேமான் பின்சந்து வழியாக, தோளில் ஏணியோடு வந்தான். மெலிந்திருந்தான். வாய் திறந்தபோது முன்பல் இருந்த இடத்தில் புதுப் பல் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அவளால் அந்தப் பல்லைப் பார்க்க முடியவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"வேலைய முடிச்சிட்டு."

லமிசி அவன் வழியை மறித்தாள். "கார்டு?"

அஜேமான் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினான். லமிசி அதில் இருந்த போட்டோவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "போட்டோல அழகா இருக்கியே" என்று சொல்லி வழிவிட்டாள். அவன் சிரித்துவிட்டான்.

வீட்டின் முன்பக்கம், தெருவிலிருந்து முற்றத்துக்கு வரும் நடைபாதைச் சுவரில் மீட்டரும் மெயின் ஸ்விட்சும் இருந்தன. நடைபாதையின் ஒரு பக்கக் கதவு மாமாவின் மீன்கடைக்குள் திறக்கும். குளிரூட்டிய மீன் விற்கும் கடை. குளியலறைக்குப் பின்னால், சுவரை ஒட்டிய அறையில் அவருடைய ஐஸ் பெட்டிகள் இருந்தன. ராத்திரி பகல் என்று இல்லாமல் அவை உறுமிக்கொண்டேயிருக்கும். வீட்டில் யாருக்கும் அது காதில் விழுவதே இல்லை.

அஜேமான் மெயினை இறக்கினான். கொனாடுவின் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. ஃபேன் ஓய்ந்தது. கடைக்குள்ளிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"யாரு?" என்றார். பிறகு யாரென்று தெரிந்தது. முகம் இறுகியது. "இவன எதுக்கு உள்ள விட்ட, கொனாடு?"

"லைசென்ஸ் இருக்கு மாமா. லமிசி கேட்டா."

"எலக்ட்ரீஷியன் எதுக்கு? இந்த வீட்டுக்கு வேண்டியது பாஸ்டர். செர்வா ஆவி சாந்தி ஆகல. அத விட்டுட்டு அவளக் கொன்னவனையே கூட்டியாந்திருக்க."

அஜேமான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மெயின் இறங்கியிருக்கு. யாரும் தொடக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனான். மாமா கடைக்குள் போய்விட்டார்.

குளியலறையில் அஜேமான் குழாய், ஈரச் சுவர், விளக்கு மாட்டும் இடம் என்று ஒவ்வொன்றாக டெஸ்டரை வைத்துப் பார்த்தான். எதிலும் கரண்ட் இல்லை. ஏணியில் ஏறி, உளியை வைத்துச் சுவரைத் தட்டினான். சுண்ணாம்பு பொரிப்பொரியாக உதிர்ந்தது. குழாய்க்கு நேர் மேலே, கூரையை ஒட்டி ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே ஓங்கி ஒரு அடி.

கறுப்பு ஒயர் ஒன்று வெளியே தெரிந்தது. தடியானது. நடுவில் ஒரு இணைப்பு. அதைச் சுற்றியிருந்த டேப் கருகி, உள்ளேயிருந்த செம்பு, மேலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்க்கு மயிரிழை தள்ளிக் கிடந்தது.

அஜேமான் ஏணியிலேயே அசையாமல் நின்றான்.

"என்னங்க?"

"இது நான் போட்டதில்ல."

"மாமா போட்ட புது ஒயரா?"

"புதுசு இல்ல. இது மேல பூச்சு பழைய பூச்சு, பாரு. நான் வேல செய்யும்போதே இது உள்ள இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல." உளியால் ஒயர் போன திசையைக் காட்டினான். "போர்டுல இப்படி ஒரு ஒயர் வரவே இல்ல கொனாடு. மீட்டருக்கு முன்னாடியே எங்கயோ திருட்டுத்தனமா எடுத்து, இந்தச் சுவர் வழியா அந்தப் பக்கம் போகுது."

அந்தப் பக்கம் ஐஸ் பெட்டிகள் இருந்தன. கொனாடு காதைச் சுவரில் வைத்தாள். உறுமல் இல்லை. மெயினை இறக்குவதற்கு முன்பே, காலையிலிருந்தே அந்த உறுமல் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தில் ஏணி ஒன்று திரும்பியதைப் பார்த்ததுமே யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

மழை பெய்து சுவர் ஊறினால் குழாய் அடிக்கும். காய்ந்தால் அடிக்காது. செர்வா செத்த அன்று எப்படிப்பட்ட மழை! அவள் உடம்பைத் தூக்கிப் போனவர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

"அக்கா..." என்றாள் கொனாடு. செத்தவளைக் கூப்பிட்டாளா, வேறு ஏதாவது சொல்ல வந்தாளா, அவளுக்கே தெரியாது.

முற்றத்தில் தகரக் கதவு படாரென்று சுவரில் மோதியது.

*

அடோமாக்கோ மெக்கானிக். லாரி டயரைத் தனியாகக் கழற்றித் தூக்குகிறவன். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். கையில் வீல் ஸ்பேனரோடே வந்திருந்தான். உடம்பெல்லாம் கிரீஸ். கண்ணில் வேறு யாரும் படவில்லை.

"டேய்!"

"அடோமாக்கோ, நில்லுடா! ஒரு நிமிஷம் கேளு..."

கொனாடு குறுக்கே பாய்ந்தாள். அவன் ஒரு கையால் அவளை ஒதுக்கினான். அவள் உரலில் மோதி விழுந்தாள். குளியலறைக்குள் நுழைந்து ஏணியின் காலை அவன் எட்டி உதைத்தான். ஏணி சரிந்தது, அஜேமான் அதோடு வந்து சிமெண்ட் தரையில் விழுந்தான். எழுவதற்குள் ஸ்பேனர் இறங்கியது. தோளில் ஒன்று. முதுகில் ஒன்று.

"பெரியக்கா என்னைத் தூக்கி வளத்தவடா! அம்மா செத்தப்ப அவதான்டா எனக்கு அம்மா! அவளக் கொன்ன எடத்துலயே வந்து ஏணி போடுறியா?"

போன தடவை அஜேமான் அடி வாங்கிக்கொண்டு கிடந்தான். இந்த முறை அப்படிக் கிடக்கவில்லை. அடுத்த அடிக்குக் கை ஓங்கியபோது உருண்டு எழுந்து, சுத்தியலை எடுத்து அடோமாக்கோவின் முழங்காலில் வீசினான். அடோமாக்கோ அலறிக்கொண்டு மண்டியிட்டான். அடுத்த கணம் இருவரும் கட்டிப் புரண்டார்கள். லமிசி லாதியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாளித் தண்ணீரை அவர்கள் மேல் ஊற்றினாள். நாய்களைப் பிரிக்கிற மாதிரி. பிரியவில்லை. அடோமாக்கோவின் கட்டைவிரல் அஜேமானின் கண்ணைத் தேடியது. அஜேமான் அவன் மணிக்கட்டைக் கடித்தான். தண்ணீரோடு ரத்தமும் ஓடி வாய்க்காலில் கலந்தது.

"சுவத்தப் பாருடா!" அஜேமான் கத்தினான். வாய் நிறைய ரத்தம். "என்னக் கொன்னுக்கோ! கொல்றதுக்கு முன்னாடி சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுக் கொல்லு!"

"பொய்!"

"நான் எடுத்த கரண்ட் மெயின் வழியாத்தான்டா வரும். மெயின் இப்ப இறங்கிக் கெடக்கு. அந்த ஒயருக்கு மெயினே கெடையாது. உங்க மாமா ஐஸ் பெட்டிக்குப் போகுதுடா அது! அதுதான் குழாய்ல கரண்ட ஏத்துது!"

அடோமாக்கோவின் பிடி தளர்ந்தது. உடைந்த சுவரைப் பார்த்தான். கருகிய டேப்பைப் பார்த்தான். என்ன நினைத்தான் என்று அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. மூக்கிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தான். நொண்டிக்கொண்டு நடைபாதைப் பக்கம் திரும்பினான்.

"எங்கடா போற?" என்றாள் கொனாடு.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அஜேமானைத் தெருவுக்கு இழுத்துப் போன அன்றைக்கும் இதே குரல்தான்.

"நீங்க போயிடுங்க" என்று அஜேமானின் சட்டையைப் பிடித்தாள். "பின்பக்கமாவே போயிடுங்க. அவன் ஆளுங்களக் கூட்டிட்டு வருவான்."

"போக மாட்டேன்." அவன் ஏணியை நிமிர்த்திச் சுவரில் சாத்தினான். வலது தோள் தொங்கிப்போயிருந்தது. இடது கையால் ஏறினான். "ரெண்டு வருஷமா எல்லாரும் என்னக் கொலகாரன்னு கூப்பிட்டீங்க. நீயும்தான். வாய் திறந்து சொல்லல, அவ்வளவுதான். இந்த இணைப்பப் பிரிச்சு, ஒயர வெளிய இழுத்துப் போட்டு, ஊரையே கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் போவேன்."

அவன் சொன்னதில் தவறில்லை.

டெஸ்டரை வைத்து, எரியவில்லை என்று பார்த்துவிட்டு அவன் கருகிய டேப்பை விரலால் உரித்தான். ஈரக் கை. ஈரச் சட்டை. சற்று முன்னால் லமிசி ஊற்றிய தண்ணீர் அவன் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சுவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகள் உறுமின.

அஜேமானிடமிருந்து சத்தம் வரவில்லை. அவன் உடம்பு வில்லாக வளைந்தது. கழுத்து நரம்புகள் கயிறுகளாகப் புடைத்தன. விரல்கள் ஒயரை விட மறுத்தன. காலடியில் ஏணி அதிர்ந்து அதிர்ந்து ஒரு பக்கமாக நழுவியது. ஏணிதான் அவனை ஒயரிலிருந்து பிய்த்து எடுத்தது. பின்மண்டை தரையில் மோதியது.

கண்கள் திறந்திருந்தன. நெஞ்சு அசையவில்லை.

"போட்டுட்டான்" என்றாள் கொனாடு. "மெயினப் போட்டுட்டான்."

லமிசி அதற்குள் அவனைக் காலைப் பிடித்துக் குளியலறைக்கு வெளியே இழுத்து, நெஞ்சின் மேல் இரு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்திருந்தாள். "அக்கா, ஊது! வாயில ஊது! எங்க போற?"

கொனாடுவின் காதில் அது ஏறவில்லை. ஃபூஃபூ உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது. ஆளுயர உலக்கை. தினம் அதைத் தூக்கிப் போடுகிற கை அவளுடையது. எடுத்தாள். ஓடினாள்.

நடைபாதையில் மெயின் போர்டுக்கு முன்னால் அடோமாக்கோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வலது கை முன்னால் நீண்டிருந்தது. ஏதோ கத்திக்கொண்டிருந்தான். என்னவென்று அவள் கேட்கவில்லை. உரலில் போடுவதைப் போலவே ஓங்கிப் போட்டாள்.

எலும்பு முறிந்தது. முழங்கைக்குக் கீழே கை வேறு திசையில் மடங்கியது. அவன் திரும்பினான். இரண்டாவது அடி காதோரத்தில் விழுந்தது. சுவரோடு வழுக்கிக் கீழே உட்கார்ந்தான். மூன்றாவதற்கு உலக்கையைத் தூக்கினாள்.

"அக்கா..."

"ரெண்டாந்தடவையும் என் புருஷனப் பறிக்கப் பாத்தியாடா பாவி!"

"அக்கா, நான் இல்ல." காதிலிருந்து ரத்தம் தாடையில் வழிந்தது. தடுக்கக்கூடக் கை தூக்கவில்லை. "மெயினப் பாரு. நான் இல்ல."

பார்த்தாள். மெயின் இறங்கியே இருந்தது. அஜேமான் இறக்கிவைத்த மாதிரியே. அவளுடைய ரேடியோ பாடவில்லை. ஃபேன் சுற்றவில்லை. வீட்டில் எங்கேயும் கரண்ட் இல்லை.

ஐஸ் பெட்டிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன.

அடோமாக்கோவின் கை நீண்டிருந்தது மெயினை நோக்கி அல்ல. பக்கத்தில் திறந்திருந்த மீன்கடைக் கதவை நோக்கி. உள்ளே, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் நெம்புகோல் மேலே தூக்கியிருந்தது. அதைப் பிடித்த கையை மாமா சார்பாங் இன்னும் எடுக்கவில்லை.

"மீன் கெட்டுப் போகுது" என்றார் மாமா. "காலையிலேருந்து நிறுத்தி வெச்சிருந்தேன். எவ்வளவு நேரம் நிறுத்துறது? போட்டேன். அவன் அதுல கை வெச்சிருக்கான்னு நான் கண்டேனா?"

"கண்டாரு" என்றான் அடோமாக்கோ தரையிலிருந்து. சின்னப் பிள்ளை கோள் சொல்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. "நான் வந்து கேட்டேன் அக்கா. மாமா, ஐஸ் பெட்டிக்கு ஒயரு எப்படிப் போகுதுன்னு கேட்டேன். அஜேமான் சுவர ஒடச்சு அத வெளிய எடுத்திருக்கான், இப்ப அதுலதான் கைய வெப்பான்னு நான்தான் சொன்னேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தூக்கினாரு."

மாமா நெம்புகோலிலிருந்து கையை எடுத்தார்.

"பெரியக்கா செத்தப்பவே இந்த ஒயர்தான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கொனாடு.

"இந்தக் குடும்பம் சாப்பிட்டது இந்த மீன்லதான்" என்றார் அவர். "செர்வாவுக்குச் சவப்பெட்டி வாங்கினதும் இந்த மீன்லதான்."

அந்தப் பதில் முடிவதற்குள் அடோமாக்கோ எழுந்துவிட்டான். எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை. உடைந்த கை பக்கத்தில் ஆடியது. இடது கையால் கொனாடுவிடமிருந்து உலக்கையை எடுத்தான். அவள் விரல்கள் தாமாகவே விட்டன. அவன் கடைக்குள் போய் நடைபாதைக் கதவைக் காலால் சாத்தினான். உள்தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு தெருப்பக்க ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

"கொனாடு!" மாமாவின் குரல். "கொனாடு, கதவ ஒடச்சு உள்ள வா! உன் தாயோட கூடப் பொறந்தவன்டி நான்!"

ஏதோ உடைந்தது. பின்பக்க உறுமல் சட்டென்று நின்றது. நெம்புகோலை யாரோ இறக்கியிருக்க வேண்டும், அல்லது பெட்டியோடு பிய்த்திருக்க வேண்டும். அந்த அமைதியில் மாமாவின் முதல் அலறல் கேட்டது.

கதவு பழைய கதவு. தோளைக் கொடுத்து இரண்டு தள்ளு தள்ளினால் தாழ்ப்பாள் பிய்ந்துவிடும் என்று கொனாடுவுக்குத் தெரியும். தம்பி ஒருவேளை அவள் சொன்னால் நிறுத்துவான். இன்னும் அந்த நேரம் இருந்தது. முற்றத்திலிருந்து லமிசி கத்துவதும் கேட்டது: "அக்கா! என்னால தனியா முடியல! வா அக்கா!"

கொனாடு கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே விழுந்த அடி பலகை வழியாகக் கையில் அதிர்ந்தது. ஒன்று. இன்னொன்று.

கையை எடுத்தாள். திரும்பி முற்றத்துக்கு ஓடினாள்.

அஜேமானின் உதடு நீலமாகியிருந்தது. மண்டியிட்டு, அவன் மூக்கைப் பிடித்து, ரத்தம் ஊறிய வாயில் தன் வாயை வைத்து ஊதினாள். அந்தப் புதுப் பல் அவள் உதட்டில் இடித்தது. லமிசி அழுத்தினாள். கொனாடு ஊதினாள். லமிசியின் வியர்வை அவன் நெஞ்சில் சொட்டிக்கொண்டேயிருந்தது. லாதி கதவிடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்று ஊதுவதற்கு நடுவே சொன்னாள் கொனாடு. "நான் சொல்றேன். எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன். நீங்க இல்லன்னு சொல்றேன். வாங்க."

அவன் தொண்டையில் ஏதோ சிக்கியது போல ஒரு சத்தம் வந்தது. நெஞ்சு லமிசியின் கைகளுக்குக் கீழே தானாக எழும்பியது. இருமினான். கண்ணிமை அசைந்தது.

லமிசி அப்படியே பின்னால் சாய்ந்து சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

கொனாடு அவன் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் காது கொடுத்தாள். கடைக்குள்ளே அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. அலறலும் நின்றிருந்தது. தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஷட்டரைக் கையால் தட்டினார்கள்.

உள்ளேயிருந்து யாரும் திறக்கவில்லை.